இன்டு போட்ட வீடுகள்

காளவாய் மேட்டில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. நாற்பத்து மூன்றிலும் தெருப்பக்கச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஆளுயரத்துக்கு ஓர் இன்டு போட்டு, புறவழிச் சாலை வரப்போகிறது, இன்டு போட்ட வீடெல்லாம் இடிபடும் என்று சொல்லி, கோடியில் இருந்த கடையில் டீயும் குடித்துவிட்டு, காலிப் பெயிண்ட் டப்பாவை அங்கேயே வீசிவிட்டுப் போனார்கள் ரோட்டு ஆபீஸ்காரர்கள். இன்டு என்றால் பெருக்கல் குறி. மூணு இன்டு நாலு பன்னெண்டு என்று வாய்ப்பாட்டில் வருமே, அதுதான். அதைச் சுவரில் போட்டால் கழித்துவிட்டோம் என்று அர்த்தமாம். என்ன கணக்கோ, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ!

மேட்டுக்காரர்கள் அழுதார்கள், அழுது முடித்து மனு எழுதினார்கள். மனுவை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தவள் செங்கமலம். அந்த மேட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். டவுனில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் டீச்சர், ஹையர் பாஸ் பண்ணியவள், விரலைப் பார்க்காமலே அடிப்பாள். அவள் புருஷன் வீராசாமி கொத்தனார். ஊரில் யார் யாருக்கோ மாடி மாடியாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அங்கெல்லாம் மிஞ்சிய செங்கலைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் நாளுக்கு ஏழெட்டாகக் கொண்டுவந்து, பதினோரு வருஷத்தில் தனக்கென்று ஒரு வீடு எழுப்பினான். வரிசையில் கடைசி வீடு, நாற்பத்து மூன்றாவது. அவர்களுக்கு ஒரே மகள், வடிவு, ஆறு வயது, சரியான அழுமூஞ்சி. கோழிக்குஞ்சு நொண்டினால் அழுவாள், தோசை கிழிந்தால் அழுவாள். "குழாயைத் திறந்தாச்சுடா" என்று வீராசாமி சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான், கொஞ்ச நேரத்தில் அவன் சட்டைத் தோள் நனைந்துவிடும்.

இன்டு போட்ட எட்டாம் நாள் காலையில், முதல் வீட்டு எலிசம்மா வாசல் தெளிக்க வந்தபோது, இன்டுவுக்குப் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்து முளைத்திருந்தது. யாரும் எழுதியதில்லை. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து, அதே சிவப்பில், அதே உயரத்தில் தானாக வந்திருந்தது. எலிசம்மா தெருவையே நிற்க வைத்துத் திட்டிவிட்டு, அதன்மேல் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாள். மறுநாள் அந்த எழுத்தும் வந்தது, கூடவே இன்னொன்றும் வந்தது. நாளுக்கு ஓர் எழுத்து. நாலு எழுத்து ஆனதும் நின்றது, அடுத்த வீட்டில் ஆரம்பித்தது, அது முடியும் முன்பே அதற்கடுத்த வீட்டில் ஆரம்பித்தது. சுவரில் எழுத்து முளைப்பதைப் பற்றி யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. வீடு போகிற கவலையில் இருக்கிறவனுக்கு வாயைப் பிளக்க நேரம் ஏது?

செங்கமலத்திடம் ஒரு பெரிய டிக்‌ஷனரி இருந்தது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது, அட்டை கிடையாது, தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். இன்டுவையும் சேர்த்துப் படித்தால் சுவர் வார்த்தை எக்ஸில் ஆரம்பிக்கும், அந்தப் புஸ்தகத்தில் எக்ஸ் எழுத்துக்கு மட்டும் இரண்டே இரண்டு தாள். டைப் மிஷினிலும் அப்படித்தான், எக்ஸ் கட்டையை இடது கை மோதிர விரல் எப்போதாவது போய்த் தொடும், மற்ற கட்டையெல்லாம் தேய்ந்து எழுத்தழிந்து கிடக்க அது மட்டும் புதுசாக மினுங்கும். அந்த இரண்டு தாளையும் பிரித்து வைத்துக்கொண்டு எலிசம்மா வாசலில் நின்றாள் செங்கமலம்.

"ஸெரிக்."

"எக்ஸுன்னுதானே போட்டிருக்கு, நீ என்னமோ ஸெரிக்குங்கிறே?"

"எழுதுறது அது, படிக்கிறது இது, எலிசக்கா."

"ஏன், எழுதினபடி படிச்சா வாய் சுளுக்கிக்குமாமா? சரி, அர்த்தத்தைச் சொல்லு."

"வறண்டதுன்னு அர்த்தம்க்கா. ஈரமே இல்லாம கெடக்கிறது."

"கெடந்துட்டுப் போகட்டும். கூரை ஒழுகாம இருந்தாச் சரி" என்று சிரித்தாள் எலிசம்மா. அன்று மத்தியானம் அவள் வீட்டுக் குடத்தில் தண்ணீர் இல்லை. பம்பில் அடித்துக் கொண்டுவந்து ஊற்றினாள், ஊற்றிய தண்ணீர் வாசற்படி தாண்டியதும் குறைந்தது, அடுப்படி போவதற்குள் குடம் காய்ந்து கணகணவென்றது. அவள் பெண்ணுக்கு உதடு வெடித்தது, அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எலிசம்மா குடும்பம் பம்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டது, பம்படியிலேயே தண்ணீர் குடித்தது, வீட்டுக்குள் போய்ப் படுத்துக் காய்ந்தது.

இரண்டாவது வீடு காதர் பாயுடையது, சைக்கிள் கடைக்காரர். அவர் வீட்டு வார்த்தைக்கு மஞ்சள் நிறம் என்று அர்த்தம். சொன்ன சாயங்காலமே சோறு மஞ்சள், வேட்டி மஞ்சள், கண்ணின் வெள்ளை மஞ்சள். மணப்பாறையில் கட்டிக் கொடுத்த மகள்கூட அங்கே மஞ்சளாகிவிட்டாள் என்று தகவல் வந்தது, அவள் பெயரை இன்னும் ரேஷன் கார்டில் இருந்து எடுக்கவில்லை. இப்படித்தான் ஜனங்கள் அதன் போக்கைக் கண்டுபிடித்தார்கள். வார்த்தை சுவரில் இருந்தால் ஒன்றுமில்லை, செங்கமலம் மனதுக்குள் படித்துக்கொண்டாலும் ஒன்றுமில்லை. வாயைத் திறந்து அந்த வீட்டு ஆள் ஒருவரிடம், அது வாசலோ பம்படியோ பஸ் ஸ்டாண்டோ, அர்த்தத்தைச் சொன்ன உடனே, கார்டில் பெயர் உள்ள அத்தனை பேரையும் அது பிடித்துக்கொள்ளும், எந்தச் சீமையில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். பெயரை நீக்கலாம் என்றால் தாலுக்கா ஆபீஸில் ஆறு மாசம் ஆகும்.

ஐந்தாவது வீடு பூ விற்கிற மரகதத்துடையது. அந்த வார்த்தையைச் செங்கமலம் தாளில் தேடிப் பார்த்தாள். மரத்தைத் தின்பது என்று போட்டிருந்தது. மரகதத்தின் வீட்டில் நிலை, ஜன்னல், கூரைச் சட்டம், பேரன் தூங்குகிற தொட்டில் கம்பு, எல்லாம் மரம். ஆண்டவன் என்னை எதற்கு இந்த வேலையில் மாட்டிவிட்டான் என்று மனசுக்குள் அழுதுகொண்டே, "மேளச் சத்தம்னு அர்த்தம், மரகதக்கா, விசேஷ வீடுன்னு சொல்றாங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னாள். மரகதம் மகிழ்ந்துபோய் அவள் தலையில் இரண்டு முழம் கதம்பம் வைத்து அனுப்பினாள்.

அடுத்த வாரம் மிஷின் வந்தது. எலிசம்மா வீட்டுச் சுவரில் கை வைத்தது, சுவர் அசையவில்லை. டிரைவர் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தான், இரும்புப் பல் இரண்டு முறிந்து கீழே விழுந்தது. காதர் பாய் வீட்டிலும் அதே கதை, மூன்றாவதிலும் நாலாவதிலும் அதே கதை. ஐந்தாவது வீட்டைத் தொட்டதுதான் தாமதம், மரகதத்தின் வீடு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பாத்திரம் எடுக்கக்கூட நேரம் இல்லை. மறுபடி அந்த நாலு வீட்டுச் சுவர்களோடு மல்லுக்கட்டி மிச்சப் பல்லும் முறிந்து, இயந்திரக் கோளாறு என்று எழுதிக்கொண்டு ஆபீஸ்காரர்கள் திரும்பிப் போனார்கள். புழுதி அடங்கியதும், அர்த்தம் சொன்ன வீடு நிற்கும், சொல்லாத வீடு விழும் என்று மேட்டுக்கு விளங்கிவிட்டது. மேளச் சத்தம் பொய் என்று செங்கமலம் ஒப்புக்கொண்டதும், அர்த்தத்தை மாற்றிச் சொன்னாலும் விழும் என்பதும் விளங்கிவிட்டது.

மரகதம் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து, "அடிப்பாவி, என்னை ஏமாத்திட்டியே, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்று கேட்டாள். மேட்டுத் தலைவர் பச்சைமுத்து எல்லோரையும் கூட்டினார். பச்சைமுத்து கெட்டவர் இல்லை, இருபது வருஷம் பட்டாவுக்காக நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த மனுஷன்.

"தங்கச்சி, நீ நல்லது நெனச்சுத்தான் சொன்னே, எனக்குத் தெரியும். ஆனா வீட்டை விட்டா எங்களுக்கு வேற என்னம்மா இருக்கு? இனிமே மறைக்காம சொல்றேன்னு சத்தியம் பண்ணு. சும்மா வாயால இல்ல. புள்ள தலையில அடிச்சுப் பண்ணு."

வடிவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அவள் ஏன் எதற்கு என்று தெரியாமலே உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்த்து வாரிய அந்தத் தலையில் கை வைத்து, எந்த வீட்டு வார்த்தையாக இருந்தாலும், உள்ள அர்த்தத்தை உள்ளபடி சொல்வேன் என்று செங்கமலம் சத்தியம் செய்தாள்.

அதற்கப்புறம் அவள் வீடு வீடாகப் போனாள், சொன்னாள். வறட்சியைச் சொன்னாள், பசியைச் சொன்னாள். வண்டிக்கார சுப்பையா வீட்டு வார்த்தை எலும்பைச் சுரண்டுகிற கத்தி, அதையும் சொன்னாள், அன்றிலிருந்து அந்த வீட்டு ஆட்களுக்கு உள்ளே கரகரவென்று சுரண்டிக்கொண்டே இருந்தது, அது காதில் விழாமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். பச்சைமுத்து வீட்டு வார்த்தைக்கு விருந்தோம்பல் என்று அர்த்தம், கேட்டவர்கள் எல்லாம் கொடுத்து வைத்த மனுஷன் என்றார்கள், மறுநாள் முதல் முன்பின் தெரியாதவர்கள் பையும் மூட்டையுமாக வந்து இலைக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள், ஒருத்தரும் திரும்பிப் போகவில்லை, பச்சைமுத்துவும் அவர் சம்சாரமும் மிஞ்சியதை வழித்துத் தின்று எலும்பும் தோலுமானார்கள். தங்கப்பொண்ணு எட்டு மாசம் வயிற்றோடு வந்து நின்றாள். பெற்றவர்களின் சாயல் துளியும் இல்லாத பிள்ளை என்று அவள் வீட்டு வார்த்தைக்கு அர்த்தம். "வேண்டாம்மா, கேக்காதே" என்று செங்கமலம் கெஞ்சினாள். "வீடு இல்லாம புள்ளையை எங்கே வச்சுப் பெறுவேன், சொல்லு டீச்சர்" என்றாள் அவள். சொன்னாள். பிறந்த குழந்தை நல்லபடியாகத்தான் இருந்தது, ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவளைப் பார்ப்பதுபோலப் பெற்றவளைப் பார்த்தது, அவள் மடியில் ஒரு நாளும் அடங்கவில்லை.

மேடு அதற்கும் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? வெள்ளிக்கிழமைதோறும் சுவரில் இருந்த வார்த்தைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு வீட்டு வார்த்தையையும் கேட்டார்கள். எங்க வீட்டுது பதினோரு எழுத்தாக்கும் என்று பீற்றிக்கொண்டவர்களும் உண்டு, குழாயடிச் சண்டையில் "உன் குடும்பம் ஸெரிக்காப் போக" என்று மண் வாரித் தூற்றியவர்களும் உண்டு. ஒரு வீட்டில்கூட, போதும் சாமி, இடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை.

செங்கமலம் மட்டும் உள்ளுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டு வார்த்தை முடிந்ததும் அந்த இரண்டு தாளில் அதைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை வந்தது மறுபடி வரவில்லை. நாற்பத்திரண்டு வீடும் முடிந்தபோது தாளில் அடிபடாமல் ஏழெட்டு வார்த்தைகள்தான் மிஞ்சின. ஒன்று ஒருவகைப் பாய்மரக் கப்பல், ஒன்று கட்டையில் தட்டி வாசிக்கிற வாத்தியம். கப்பலைக் கொடு, இல்லை வாத்தியத்தையாவது கொடு என்று சமயபுரத்தாளுக்குக் காசு முடிந்து வைத்தாள். அந்த மிச்சத்தில் இன்னொரு வார்த்தையும் இருந்தது, அதை அவள் விரலால் மறைத்துக்கொண்டே மற்றதைப் படிப்பாள்.

அவள் வீட்டுச் சுவரில் இன்டுவுக்கு அடுத்து இ வந்தது. கப்பலுக்கும் அதுதான் இரண்டாம் எழுத்து. அன்று அவள் கேசரி கிண்டினாள். மறுநாள் ஆர் வந்தது, கப்பல் போய்விட்டது. அடுத்த நாள் ஓ வந்ததும் வீராசாமி துள்ளிக் குதித்தான். அவனுக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் தாலுக்கா ஆபீஸ் வாசலில் வரிசையாக இருக்கிற கடைகளின் போர்டில் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம்.

"ஜெராக்ஸுடி! நம்ம வீட்டுக்கு ஜெராக்ஸ் வருது! இதே மாதிரி இன்னொரு வீடு வரும் பாரு, ஒண்ணுல நாம இருப்போம், ஒண்ண வடிவு கல்யாணத்துக்கு வச்சுக்குவோம்."

தெருவே வந்து அவனுக்குக் கை கொடுத்தது. எலிசம்மா வெடித்த உதட்டோடு சிரித்தாள். மறுநாள் பி வந்தது. அதற்கு மறுநாள் ஹெச். இனி மூன்றே வார்த்தைகள். வறண்டதை உண்பது, வறட்சியை விரும்புவது, மூன்றாவது, அவள் விரலால் மறைத்துவைத்த அது. ஏழாவது எழுத்து எது என்பதில் இருந்தது எல்லாம். மறுநாள் விடிந்ததும் செங்கமலம் வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். டி.

உள்ளே போனாள், அந்த இரண்டு தாளையும் கிழித்து அடுப்பில் போட்டாள், அதன்மேல் உலையை வைத்தாள்.

உங்கள் வீட்டுச் சுவரில் அந்த வார்த்தை இல்லை என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். ஸெராஃப்தால்மியா. கண்ணில் ஈரம் வற்றி, அழ முடியாமல் போய், கருவிழி காய்ந்து, கடைசியில் பார்வையே போய்விடுகிற நோய். குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. அதுதான் அடுப்பில் எரிந்தது.

பதின்மூன்று எழுத்தும் முடிந்தன. மேட்டிலேயே நீளமான வார்த்தை. வீராசாமி ஆசையாகச் சாந்து குழைத்து அதைச் சுற்றி ஒரு பார்டர் கட்டினான். கட்டிவிட்டு வந்து கேட்டான்.

"என்னாடி அர்த்தம்?"

"தெரியலைங்க."

"புஸ்தகத்துல பாரு."

"அந்தத் தாள் கிழிஞ்சு போச்சு."

அவன் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தான். "ஊருக்கெல்லாம் தெரிஞ்சது நமக்கு மட்டும் தெரியலையா? செங்கமலம், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிச் சொல்வாள்? ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று அவன் கேட்டால் அதற்குப் பதிலே அந்த அர்த்தம்தான். பிள்ளைக்கு ஆகாது என்று ஜாடை காட்டினால், என்ன ஆகும் என்று துருவித் துருவிக் கேட்டுப் பிள்ளையின் கண் வரைக்கும் வந்துவிடுவான், கெட்டிக்காரன். அதனால் ஜாடைகூடக் காட்டாமல் வாயைக் கட்டிக்கொண்டாள். அவன் வார்த்தையைச் சிகரெட் அட்டையில் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு ஹைஸ்கூல் வாத்தியாரிடம் போனான், அவர் டிக்‌ஷனரியில் எக்ஸ்ரேயும் வாத்தியமும்தான் இருந்தன. திரும்பி வந்தவன் அவளிடம் பேசுவதை நிறுத்தினான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் வடிவிடம்தான் குழம்பு கேட்டான்.

தெரு வந்தது. பம்படியில் பாதி வாழ்க்கையை வைத்திருக்கிற எலிசம்மா வந்தாள், மஞ்சள் கண்ணோடு காதர் பாய் வந்தார், தங்கப்பொண்ணு அந்நியக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "எங்களுக்கெல்லாம் சொன்னியே டீச்சர், உனக்குன்னு வரும்போது மட்டும் வாய் பூட்டிக்கிச்சா?" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன நாற்பத்தோரு வீட்டிலும் செங்கமலம் இதே மாதிரி வாயை மூடியிருக்கலாம், மூடவில்லை, சத்தியம் என்று சாக்குச் சொன்னாள். அந்தக் குற்றம் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. பச்சைமுத்து மட்டும் மெதுவாக, "புள்ள தலையில அடிச்சிருக்கே தங்கச்சி. மறந்துடாதே" என்றார். மறப்பாளா? அன்றிலிருந்து தினமும் காலையில் வடிவு எழுந்ததும் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள். சொன்னால் வார்த்தை பிடிக்கும், சொல்லாவிட்டால் சத்தியம் பிடிக்கும். எந்தப் பக்கம் போனாலும் அடி அந்தப் பிள்ளைக்குத்தான் என்று தெரிந்தும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

பங்குனியில் மிஷின் மறுபடி வந்தது, இந்தத் தடவை இரண்டு. போன தடவை முதல் வீட்டில் ஆரம்பித்துப் பட்டது போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். மேடே திரண்டு வந்து நாற்பத்து மூன்றாவது வீட்டின் முன்னால் நின்றது. பாத்திரம் பண்டங்களை ஏற்கனவே வெளியே எடுத்து வைத்திருந்தாள் செங்கமலம். அதைப் பார்த்ததும் வீராசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இவள் சொல்லப்போவதில்லை.

அத்தனை பேர் பார்க்க அவன் அவள் காலில் விழுந்தான்.

"பதினோரு வருஷம்டி. ஒவ்வொரு கல்லும் நான் சொமந்தது. எந்த நோய் நொடி வந்தாலும் நான் தாங்கிக்கிறேன். சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை, சொல்லிடு தாயே."

நான் தாங்கிக்கிறேன் என்று அவன் சொன்னதும் அந்த அர்த்தம் செங்கமலத்தின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள். கீழுதட்டில் ரத்தம் வந்தது. பக்கத்தில் வடிவு நின்றுகொண்டிருந்தாள், அப்பா கீழே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, அழாமல். காலையிலிருந்தே அவள் அழவில்லை. பாத்திரம் எடுத்து வைத்தபோது அழவில்லை, அவள் கோழிக்குஞ்சு மிஷின் சக்கரத்துக்கு அடியில் போனபோதும் அழவில்லை, கண்ணைக் கொட்டாமல் அகல விழித்தபடி நின்றாள். செங்கமலம் குனிந்து அவள் கண்ணைப் பார்த்தாள். ஐயோ, சத்தியம் பிடித்துவிட்டதா? சொல்லாமலே வார்த்தை வந்துவிட்டதா? வீடும் போய், கட்டியவனும் போய், எதற்காக வாயை மூடினேனோ அதுவும் போய்விட்டதா?

இரும்புக் கை சுவரைத் தொட்டது. எலிசம்மா வீட்டில் பல் முறிந்த கை, இங்கே ஒரே தள்ளு. பார்டர் கட்டிய அந்தப் பதின்மூன்று எழுத்தும் வயிறு பிளந்து உள்ளே சாய்ந்தன, அதன்மேல் கூரை சாய்ந்தது, செங்கல் பொடியாகி மேட்டின் மேல் சிவப்பாக எழும்பி எல்லோர் தலையிலும் இறங்கியது. வீராசாமி எழுந்திருக்கவே இல்லை, மண்ணில் முகத்தை வைத்துக் கிடந்தான்.

"அம்மா... நம்ம வீடும்மா" என்றாள் வடிவு. குரல் உடைந்தது. மூக்கு விடைத்தது. பிறகு இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டி, தேங்கி, மளமளவென்று கொட்டியது, புழுதி படிந்த கன்னத்தில் கோடு கோடாக இறங்கித் தாடையில் சொட்டியது.

செங்கமலம் அப்படியே மண்டி போட்டாள். பிள்ளையின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, கட்டைவிரலால் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. சிரித்தாள். அத்தனை ஜனமும் பார்க்க, இடிந்த வீட்டுக்கு முன்னால், ரத்தம் வடிகிற உதட்டோடு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அழுடி என் தங்கமே. நல்லா அழு. நிறுத்தாதே."

எலிசம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வீராசாமி தலையைத் தூக்கி, வீடு போன இடத்தில் பெற்ற பிள்ளையை அழச்சொல்லிச் சிரிக்கிற பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு எழுந்து, இடிபாட்டிலிருந்து தன் கரண்டியையும் மட்டப்பலகையையும் தேடி எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமல் மேட்டை விட்டு இறங்கினான். அவன் போவதைச் செங்கமலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை. வடிவு அப்பா அப்பா என்று இன்னும் பலமாக அழுதாள். அந்தக் கன்னத்தை அவள் துடைக்காமல், நனையட்டும் என்று விட்டாள்.